சம்ப்ல எத்தனை அடி தண்ணி இருக்கு

ரெண்டு வாரம் முன்ன தம்பி போன் பண்ணான். "அக்கா, ஒரு மனை பாத்து வச்சிருக்கேன், நீயும் மாமாவும் ஒரு தடவ வந்து பாத்துட்டு சொல்லுங்க, சென்னை எல்லைச் சாலை பக்கத்துலயே வருது, இப்ப விட்டா அப்புறம் கிட்டயே போக முடியாது"ன்னான். அந்த அவசரம் எனக்கு நல்லா பழகின அவசரம். 2012ல நானும் எங்க வீட்டுக்காரரும் ஓஎம்ஆர்ல, அதான் பழைய மகாபலிபுரம் சாலைல, காரப்பாக்கம் பக்கம் ஃபிளாட்டுக்கு அட்வான்ஸ் குடுத்தப்ப எங்க அம்மாகிட்ட நான் இதே மாதிரி தான் பேசினேன். அவன்கிட்ட போன்ல சொல்லி முடிக்க முடியாத விஷயம் நிறைய இருந்துச்சு, அதான் இங்க எழுதுறேன், அவன மாதிரி ரோடு வருதுன்னு மனை தேடிட்டு இருக்குறவங்க யாராவது படிச்சா நல்லது.

எங்க அபார்ட்மெண்ட் அசோசியேஷன்ல தண்ணி நோட்டு ஆறு வருஷமா என்கிட்ட தான் இருக்கு. நீளமான கணக்கு நோட்டு, அட்டை ஈரத்துல ஊறி ஊறி உப்பிப் போச்சு. தேதி, லாரி வந்த நேரம், எத்தனை லிட்டர், எவ்வளவு ரூபாய், டிரைவர் கையெழுத்து, கடைசி பத்தில சம்ப்ல, அதான் தரைக்கு அடில இருக்குற தண்ணித் தொட்டில, எத்தனை அடி. அந்த அடிய அளக்குறதுக்கு வாட்ச்மேன் அண்ணன் ஒரு மூங்கில் கழி வச்சிருக்காரு, அதுல அடிக்கு ஒரு கோடு சிவப்பு பெயிண்ட்ல போட்டிருக்கு, சம்ப் மூடிய நகத்தி கழிய உள்ள விட்டு எடுத்தா எது வரைக்கும் நனைஞ்சிருக்கோ அதான் கணக்கு. நாலு கோட்டுக்குக் கீழ போனா லாரிக்கு போன் பண்ணணும், ரெண்டு கோட்டுக்குக் கீழ போனா வீட்டு குரூப்புல "யாரும் வாஷிங் மெஷின் போடாதீங்க"ன்னு மெசேஜ் போடணும். காலைல நாலரை மணிக்கு லாரி ரிவர்ஸ் எடுக்குற சத்தத்துல தான் எங்க தெருவே முழிக்கும்.

64 வீடு. வீட்டுக்கு ஒரு நாளைக்கு 500 லிட்டர்னு வச்சாலே 32,000 லிட்டர் ஆச்சு, எங்க போர்ல மிஞ்சி மிஞ்சிப் போனா 8,000 வரும், அதுவும் உப்பு, குழாய் வாயெல்லாம் வெள்ளையா பூத்துப் போயிடும். மிச்சத்துக்கு 12,000 லிட்டர் லாரி தினம் ரெண்டு. குடிக்கிறதுக்கு தனியா கேன். ஃபிளாட் வாங்குறப்ப ஈஎம்ஐ போட்டுப் பாத்தோம், ஆபீஸ் தூரம் பாத்தோம், ஸ்கூல் பாத்தோம், யூடிஎஸ், அதாவது பிரிக்காத நிலத்துல நம்ம பங்கு, எவ்வளவுன்னு கூட கேட்டோம், தண்ணி எங்க இருந்து வரும்னு கேட்டதுக்கு "மெட்ரோ வாட்டர் ரெண்டு வருஷத்துல வந்துடும் மேடம், இப்போதைக்கு போர் இருக்கு"ன்னு ஒரு வரில முடிச்சாங்க, நாங்களும் அதோட விட்டுட்டோம். அந்த ரெண்டு வருஷம் இன்னும் முடியல.

ஓஎம்ஆர் எப்படி வந்துச்சுன்னு பாத்தா தான் இது புரியும். எங்க தெரு முனைல பழைய ஓட்டு வீட்டுல ஒரு ஆயா இருக்காங்க, இந்த ஊர்லயே பொறந்து வளர்ந்தவங்க. "இந்தப் பக்கம் பூரா நெல்லு தாயி, அந்தப் பக்கம் சவுக்கு, பத்தடி தோண்டினா போதும், எளநி மாதிரி தண்ணி"ன்னு சொல்லுவாங்க. அப்ப இது மகாபலிபுரம் போற சின்ன ரோடு, கிழக்கால பக்கிங்காம் கால்வாய், மேற்கால பள்ளிக்கரணை கழுவெளி, அதான் சதுப்பு நிலம், ரெண்டுக்கும் நடுவுல ஒரு நாடா மாதிரி மேடான நிலம். 2000த்துல தரமணில டைடல் பார்க்னு ஐடி ஆபீஸ் கட்டடம் வந்துச்சு. அப்புறம் மத்திய கைலாஷ்ல இருந்து சிறுசேரி வரைக்கும் 20 கிலோமீட்டர் சொச்சம் ஆறு வழிச் சாலை போட்டாங்க, 2008ல ராஜீவ் காந்தி சாலைன்னு பேர் வச்சுத் திறந்தாங்க, டோலும் வந்துச்சு. ரோடு நல்ல ரோடு தான், அதுல எனக்கு மாத்துக் கருத்தே கிடையாது, அந்த ரோடால தான் எங்க ரெண்டு பேருக்கும் வேலையே. ஆனா அந்த ரோடு வந்தப்ப இங்க இருந்தது எல்லாம் பேரூராட்சியும் ஊராட்சியும். கிராமத்து ஓவர்ஹெட் டேங்க், தெருக்குழாய், அவ்வளவு தான் ஏற்பாடு. 2011ல தான் பெருங்குடி, துரைப்பாக்கம், காரப்பாக்கம், சோழிங்கநல்லூர், செம்மஞ்சேரி எல்லாம் சென்னை மாநகராட்சியோட சேந்துச்சு, மாநகராட்சி 426 சதுர கிலோமீட்டர் ஆச்சு, 200 வார்டு ஆச்சு. அதுக்குள்ள ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் கண்ணாடிக் கட்டடம் நின்னாச்சு, அதுக்குப் பின்னாடி எங்கள மாதிரி ஆயிரக்கணக்கான ஃபிளாட் நின்னாச்சு. நாவலூர், படூர், கேளம்பாக்கம் எல்லாம் அதுக்கப்புறமும் ஊராட்சியாவே இருந்துச்சு, அங்க இருபது மாடி நிக்குது.

இந்த வரிசைய நல்லா கவனிங்க. முதல்ல ரோடு, அப்புறம் ஆபீஸ், அப்புறம் வீடு, அப்புறம் மாநகராட்சி, அப்புறம் மெட்ரோ ரயில், கடைசியா குடிதண்ணி, பாதாள சாக்கடை. ரோட்டுக்கு டோல் போட்டு போட்ட காச எடுக்கலாம், ரோடு வருதுன்னு ஒரு செய்தி வந்தாலே பக்கத்து நிலம் விலை ஏறும், அதனால ரோட்டுக்குக் காசு போட எல்லாரும் முன்னுக்கு வராங்க. மண்ணுக்கு அடில போற குழாயால யாருக்கும் நிலம் விலை ஏறாது, அதான் அது கடைசி வரைக்கும் தள்ளிட்டே போகுது. 2019ல வந்த கட்டட விதில சாதாரணக் கட்டடத்துக்கு எஃப்எஸ்ஐ (மனை அளவுக்கு எத்தனை மடங்கு கட்டலாம்ங்கிற கணக்கு) 2, உயரமான கட்டடத்துக்கு 3.25ன்னு ஏத்தினாங்க, அதாவது அதே ஒரு கிரவுண்டுல முன்னவிட நிறைய வீடு கட்டலாம். சிட்டி அடர்த்தியா வளர்றது நல்லதுன்னு சொல்றவங்க சொல்றதுல நியாயம் இருக்கு, பரந்து பரந்து ஏரிய முழுங்கிட்டுப் போறதுக்கு மேல கட்டுறது மேல். ஆனா கூட வர ஒவ்வொரு வீட்டுக்கும் தினம் 500 லிட்டர் உள்ள வரணும், கிட்டத்தட்ட அவ்வளவும் சாக்கடையா வெளிய போகணும். அந்தக் கணக்க எந்த பிரவுச்சர்லயும் நான் பாத்ததில்ல.

அதே 2019 ஜூன் மாசத்த மறக்கவே முடியாது. பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம்னு சென்னைக்குத் தண்ணி குடுக்குற ஏரி நாலும் வறண்டு போச்சு, ஏரித் தரை வெடிச்சுக் கெடந்த படம் உலகம் பூரா போச்சு. ஓஎம்ஆர்ல ஐடி கம்பெனிங்க தண்ணி இல்லாம வீட்டுல இருந்து வேலை பாருங்கன்னு சொன்னது கொரோனாவுக்கு முன்னாடியே. ஜூலைல ஜோலார்பேட்டைல இருந்து 50 வேகன்ல 25 லட்சம் லிட்டர் தண்ணி ரயில்ல வந்துச்சு. என் நோட்டுல அந்த மாசத்துப் பக்கத்த எடுத்துப் பாத்தேன், 1,500 ரூபாய்க்கு வந்துட்டு இருந்த லோடு 2,200, 2,800, 3,500, அப்புறம் 4,200. ஒரு வாரம் பூரா வர வேண்டிய பதினாலு லோடுல அஞ்சு தான் வந்திருக்கு. கடைசி பத்தில "1 அடி", "1 அடி", "அரை அடி"ன்னு என் கையெழுத்துலயே இருக்கு. மூணாவது மாடில கைக்குழந்தை வச்சிருந்த பொண்ணு ராத்திரி பதினோரு மணிக்கு கதவத் தட்டி "அக்கா ஒரு பக்கெட் இருந்தா குடுங்களேன்"ன்னு நின்னுச்சு. மாசம் இத்தனை ஆயிரம் ஈஎம்ஐ கட்டுற வீட்டுல.

சாக்கடைக்கும் லாரி தான். எங்க கட்டடத்துல எஸ்டிபி, அதான் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம், கெடையாது, கலெக்‌ஷன் டேங்க் மட்டும், நிரம்ப நிரம்ப கழிவுநீர் லாரி வந்து உறிஞ்சிட்டுப் போகணும். அத சுத்திகரிப்பு நிலையத்துல தான் கொட்டணும்னு விதி இருக்கு, ஆனா விடியக்காலைல கழுவெளி ஓரத்துல லாரிய நிறுத்தி ஓஸ இறக்கி விட்டுட்டு இருந்தத நான் என் கண்ணால பாத்திருக்கேன். அன்னைக்கு எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு, ஏன்னா அது எங்க வீட்டுதாவே கூட இருக்கலாம்.

அந்தக் கழுவெளியப் பத்தி கொஞ்சம் சொல்லியாகணும். ஒரு காலத்துல சுமார் 50 சதுர கிலோமீட்டர் இருந்ததாம் பள்ளிக்கரணை, இன்னைக்கு சதுப்பா மிஞ்சி இருக்கறது அதுல ஒரு சின்னப் பங்கு. வேளச்சேரி, மடிப்பாக்கம், நாராயணபுரம், கீழ்க்கட்டளை, நன்மங்கலம், சித்தாலப்பாக்கம், பெரும்பாக்கம்னு சுத்தி இருக்குற ஏரிங்க எல்லாம் ஒன்னுல இருந்து ஒன்னு வழிஞ்சு கடைசில இங்க தான் வந்து சேரும், இங்க இருந்து ஒக்கியம் மடுவு வழியா பக்கிங்காம் கால்வாய், அப்புறம் முட்டுக்காடு, அப்புறம் கடல். இந்தப் பக்கத்து மழைத் தண்ணி மொத்தத்துக்கும் கிட்டத்தட்ட இந்த ஒரு வாசல் தான். அந்த சதுப்பு மேல தான் பெருங்குடி குப்பைக் கிடங்கு, பல்லாவரம் துரைப்பாக்கம் 200 அடி ரேடியல் ரோடு, பறக்கும் ரயில் ஸ்டேஷன், இன்னும் என்னென்னமோ. 2022ல ராம்சார்ங்கிற உலக அளவிலான ஈரநிலப் பட்டியல்ல சேத்து 1,247 ஹெக்டேர்னு அறிவிச்சாங்க, ரொம்ப சந்தோஷப்பட்டேன், பூநாரை வர சீசன்ல பசங்கள கூட்டிட்டுப் போய்க் காமிச்சேன்.

அடுத்த வருஷம் டிசம்பர்ல மிக்ஜாம் புயல். ரெண்டு நாள் மழை, தண்ணி போறதுக்கு வழி இல்லாம நின்னுச்சு, கீழ பார்க்கிங்ல கார் எல்லாம் கண்ணாடி மட்டும் தெரிஞ்சுது. சம்ப் மூடிக்கு மேல நாலடி தண்ணி. வடிஞ்சதும் மூடியத் திறந்து வாட்ச்மேன் அண்ணன் கழிய உள்ள விட்டாரு, கடைசிக் கோடு வரைக்கும் நனைஞ்சு வந்துச்சு, நான் நோட்ட எடுக்கப் போனேன், அவரு "எழுதாதீங்கம்மா, மோந்து பாருங்க"ன்னாரு. சாக்கடை. எல்லா பக்கமும் தண்ணி நிக்குது, குடிக்க, கழுவ சொட்டு இல்ல, லாரியும் தெருவுக்குள்ள வர முடியாது. மூணு நாள் கழிச்சு சம்ப்ப எறச்சு, பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேச்சு, திருப்பி ஒரு தடவ எறச்சு, அப்புறம் தான் முதல் லோடு.

எங்க வீட்டுல வேலைக்கு வர அக்கா கண்ணகி நகர்ல இருந்து வராங்க. அவங்க சின்ன வயசுல கூவம் கரைல சிந்தாதிரிப்பேட்டைப் பக்கம் குடியிருந்தவங்க, குடிசை எல்லாத்தையும் எடுத்துட்டு இங்க கொண்டு வந்து விட்டாங்க. சிட்டிக்குள்ள இடம் விலை ஏற ஏற ஆத்தோரத்து சனங்கள எல்லாம் கண்ணகி நகர், எழில் நகர், பெரும்பாக்கம்னு இந்தக் கழுவெளி ஓரத்துக்குக் கொண்டு வந்தாங்க. தண்ணி வர நாள்ல குடம் வரிசைல நின்னுட்டு தான் அந்த அக்கா வேலைக்கு வருவாங்க, லேட்டானா பாதி வீட்டுல திட்டு. நாங்க காசு குடுத்து லாரி கூப்பிடுறோம், அவங்க தூக்கத்தக் குடுக்குறாங்க. இந்த வளர்ச்சிக்கு யார் யார் என்ன விலை குடுத்தாங்கன்னு கணக்கெடுத்தா அவங்களோடது தான் பெருசு.

இப்ப ரோட்டுல மெட்ரோ ரயில் தூண் நிக்குது. ரெண்டாம் கட்டம் மொத்தம் 118.9 கிலோமீட்டர், 63,246 கோடி, அதுல மாதவரம் சிப்காட் வழித்தடம் எங்க வாசல் வழியா தான் போகுது. வரட்டும், கண்டிப்பா வரணும், அது ஓட ஆரம்பிச்சா பாதிப் பேர் பைக்க வீட்டுல விட்டுட்டுப் போவாங்க. நெம்மேலில கடல் தண்ணிய குடிதண்ணி ஆக்குற ரெண்டாவது ஆலையும் 2024 பிப்ரவரில திறந்தாச்சு, ஒரு நாளைக்கு 15 கோடி லிட்டர், அது தென்சென்னைப் பக்கத்துக்குன்னே கட்டினது. எங்க தெருவுலயும் குழாய் போட்டாங்க. போட்டதுக்கு ஆறு மாசம் முன்ன தான் புதுசா தார் ரோடு போட்டிருந்தாங்க, அத வெட்டித் தான் குழாய், குழாய மூடி ஒட்டுப் போட்டதும் பாதாள சாக்கடைக்கு திருப்பி வெட்டு, அது மூடுறதுக்குள்ள மழைநீர் வடிகாலுக்கு வேற ஒரு பக்கம் வெட்டு. ஆயா ஒரு நாள் பள்ளத்துல கால் மாட்டி விழுந்து மணிக்கட்டு எலும்பு முறிஞ்சு ஆறு வாரம் கட்டோட இருந்தாங்க. இந்த மூணு குழாயும் தார் போடுறதுக்கு முன்ன ஒரே தடவைல போயிருக்கலாமே, 2005லயே, ரெண்டு பக்கமும் நெல்லு வெளஞ்சப்பவே போயிருக்கலாமே, அப்ப வெட்டுறதுக்கு வயல் வரப்பு மட்டும் தானே குறுக்க இருந்துச்சு. எங்க கனெக்‌ஷனுக்குப் பணம் கட்டியாச்சு. குழாய் காஞ்சு தான் இருக்கு இன்னும்.

இதெல்லாம் ஏன் தம்பிக்குச் சொல்றேன்னா, இதே வரிசை இப்ப இன்னும் பெரிய அளவுல நடக்குது. வண்டலூர் மீஞ்சூர் வெளிவட்டச் சாலை 60 கிலோமீட்டருக்கு மேல, பாதி 2014ல, மீதி 2021ல திறந்தாங்க, ரெண்டு பக்கமும் இப்ப கொடி நட்ட லேஅவுட்டா இருக்கு. அதுக்கும் வெளிய சென்னை எல்லைச் சாலை, எண்ணூர் துறைமுகத்துல ஆரம்பிச்சு தச்சூர், திருவள்ளூர், ஸ்ரீபெரும்புதூர், சிங்கப்பெருமாள் கோவில்னு சுத்தி மாமல்லபுரம் வரைக்கும் 130 கிலோமீட்டருக்கு மேல, அஞ்சு பகுதியாப் பிரிச்சு வேலை. துறைமுகத்துக்குப் போற கண்டெய்னர் லாரி எல்லாம் ஊருக்குள்ள வராமப் போகணும்னா அந்த ரோடு வேணும் தான். 2022ல சிஎம்டிஏ, அதான் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம், எல்லையவே 1,189 சதுர கிலோமீட்டர்ல இருந்து 5,904க்கு விரிச்சாங்க. விரிச்சதுல இருக்குற ஊர் எல்லாம் ஏரிப் பாசனம் உள்ள ஊர், செங்கல்பட்டுப் பக்கம் ஏரி மாவட்டம்னே பேரு.

போன ஞாயிறு தம்பியோட சைட்டப் பாக்கப் போனோம். சிங்கப்பெருமாள் கோவிலுக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவுல ஒரு கிராமம், பேர் வேண்டாம். பேப்பர் எல்லாம் பக்காவா வச்சிருந்தாங்க, அப்ரூவல் இருக்கு, ரேரா (மனை விற்பனைக் கண்காணிப்பு ஆணையம்) நம்பர் இருக்கு, வில்லங்கம் முப்பது வருஷத்துக்கு எடுத்து வச்சிருந்தாங்க, மூலப்பத்திரம் காமிச்சாங்க. அதுல குறை சொல்ல ஒன்னும் இல்ல. நான் கேட்டது மூணு கேள்வி. பக்கத்து ஏரி நிரம்பினா கலங்கல் வழியா, அதான் மிச்சத் தண்ணி வழியுற வாய் வழியா, வர தண்ணி எந்தப் பக்கம் போகும், மனைக்கு எல்லாம் தண்ணிக்கு என்ன ஏற்பாடு, கழிவுத் தண்ணி எங்க போகும். முதல் கேள்விக்கு அந்தத் தம்பி லேஅவுட் வரைபடத்தத் திருப்பித் திருப்பிப் பாத்தான். ரெண்டாவதுக்கு "போர் போட்டுக்கலாம் மேடம், இங்க தண்ணி சூப்பரா இருக்கும், பஞ்சாயத்து குழாயும் வந்துடும்". மூணாவதுக்கு அவங்கவங்க செப்டிக் டேங்க். கிராம வரைபடத்தையும் அ-பதிவேட்டையும் (ஊர் நிலத்தோட சர்வே கணக்கு) எடுத்து சர்வே நம்பர வச்சுப் பாத்தா வாய்க்கால் புறம்போக்கு எங்க போகுதுன்னு தெரிஞ்சுடும், மனை வாங்குறவங்க யாரா இருந்தாலும் அத முதல்ல பாருங்க, அப்புறம் ஐப்பசி கார்த்திகைல ஒரு தடவ மழையோட நேர்ல போய் நில்லுங்க. வெயில் காலத்துல எல்லா மனையும் மேடாத் தான் தெரியும்.

திரும்பி வரப்ப லேஅவுட்டுக்கு அரை கிலோமீட்டர்ல ஒரு வயக்காட்டுக் கெணறு, பக்கத்துல மோட்டார் ரூம், ரோட்டோரமா மூணு தண்ணி லாரி வரிசைல நிக்குது, நாலாவது லாரி மேல ஒரு பையன் நின்னு ஓஸப் பிடிச்சு ரொப்பிட்டு இருந்தான். வண்டிய நிறுத்தச் சொன்னேன். எங்க போகுதுப்பான்னு கேட்டேன். "ஓஎம்ஆருக்குக்கா, நாவலூர், சோழிங்கநல்லூர், எல்லா பக்கமும் போவும்"ன்னான். கெணத்தடில ஒரு பெரியவர் உக்காந்திருந்தாரு, அவரோட அண்ணன் நிலம் தான் லேஅவுட் ஆனதாம், இவரு நிலத்துல நெல்லு போடுறத விட்டுட்டு நாலு வருஷமா தண்ணி தான் விக்கிறாராம். "முன்ன மூணு ஒறை முழுகி இருக்கும்மா, இப்ப காலைல எறச்சா சாயங்காலம் வரைக்கும் காத்திருந்து தான் ஊறுது"ன்னு கெணத்த எட்டிப் பாத்துட்டே சொன்னாரு. நானும் எட்டிப் பாத்தேன், ரொம்ப ஆழத்துல ஒரு தட்டு அகலத்துக்கு வானம் தெரிஞ்சுது.

தம்பி கார்ல ஏறினதுல இருந்து பேசவே இல்ல. தாம்பரம் தாண்டினப்புறம் தான் "அக்கா, இந்த மனை எல்லாத்துலயும் வீடு கட்டிட்டா ஆளாளுக்கு போர் போடுவாங்கல்ல, அப்ப உங்களுக்கு எங்க இருந்து லாரி வரும்"னான். எனக்குத் தெரியலடான்னு சொன்னேன்.

வீட்டுக்கு வந்து இறங்குறப்ப மணி ஒன்பது. வாட்ச்மேன் அண்ணன் கழியோட நின்னுட்டு இருந்தாரு. மூணு கோடு. நோட்டுல எழுதிட்டு காலைல ரெண்டு லோடுக்கு போன் பண்ணேன்.